16 ஜிபி பைன்ஃபோனில் டெபியன் 13: இறக்கவும் இடமில்லை, விரிக்கவும் இடமில்லை

சுண்டல்_பொட்டலம்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பைன்ஃபோன் (லினக்ஸ் ஓடும் கைபேசி), 2 ஜிபி ராம், உள் சேமிப்பாக 16 ஜிபி ஈஎம்எம்சி. மோபியன், அதாவது போனுக்கான டெபியன் லினக்ஸ், ஓடுகிறது; டெபியன் 12 புக்வோர்ம் அடிப்படை. டெபியன் 13, அதாவது டிரிக்ஸி, 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, நான் இன்னும் ஏறவில்லை.

பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸ் ஃபைலில் டெபியன் வரி, மோபியன் வரி இரண்டையும் டிரிக்ஸிக்கு மாற்றி, அப்டேட் கொடுத்து, ஃபுல்-அப்கிரேட் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1.3 ஜிபி இறக்க வேண்டும், அதற்கு மேல் 1.7 ஜிபி பிடிக்கும் என்கிறது. என்னிடம் மிச்சம் 1.1 ஜிபி. "வேண்டாம்" கொடுத்து நிறுத்திவிட்டேன், எந்த பேக்கேஜும் மாறவில்லை.

64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று கையில் இருக்கிறது. லேப்டாப்பும் லினக்ஸ்தான். பேங்க் ஓடிபி எல்லாம் இந்த போனுக்குத்தான் வரும், அதனால் பாதியில் செத்துப்போனால் கஷ்டம். இடம் பண்ணி உள்ளேயே ஏறுவதா, இல்லை மொத்தமாக அழித்துவிட்டுப் புது இமேஜ் எழுதுவதா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டெர்மினல்_தம்பி

ப்ரோ இதுக்கு எதுக்கு அழிக்கணும். வரிசையா பண்ணுங்க:

ஆப்ட் (பேக்கேஜ் இறக்கற கருவி) க்ளீன் அடிங்க. ஆட்டோரிமூவ் அடிங்க. ஜர்னல் லாக் 50 எம்பிக்கு வெட்டுங்க. ஃபிளாட்பேக்ல (டெபியனுக்கு வெளியேயிருந்து ஆப் போடற முறை) யாரும் யூஸ் பண்ணாத ரன்டைம் (ஆப்புகளுக்குப் பொதுவான லைப்ரரி மூட்டை) இருக்கும், அன்யூஸ்ட் போட்டுத் தூக்குங்க. கடைசியா டியூன்2எஃப்எஸ்ல, ரூட் பயனருக்குன்னு ஒதுக்கி வச்ச ரிசர்வ்டு பிளாக் 5 சதவீதத்த 1 ஆக்குங்க, 600 எம்பி கிட்ட சும்மா கிடைக்கும்.

இவ்ளோ பண்ணா மூணு ஜிபி வந்துரும்.

பழைய_மீமோ

தம்பி, அவசரம். முதலில் எந்தப் பார்ட்டிஷனில் எவ்வளவு மிச்சம், எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று சுண்டல் போடட்டும். "போனில் இடமில்லை" என்று ஒன்று கிடையாது. ஏதோ ஒரு பார்ட்டிஷனில் இடமில்லை, அவ்வளவுதான். எதில் என்று தெரியாமல் பக்கத்து அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தால் பயனில்லை.

நோக்கியா என்900 வைத்திருந்தவர்களுக்கு இது மனப்பாடம். 2009 கடைசியில் வந்த போன். 32 ஜிபி ஈஎம்எம்சி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆனால் அதன் சிஸ்டமான மீமோ 5-இன் ரூட் ஃபைல்சிஸ்டம், அதாவது சிஸ்டம் குடியிருக்கும் பார்ட்டிஷன், அதில் இல்லை. தனியாக 256 எம்பி நாண்ட் ஃபிளாஷ் ஒன்று, அதில் யூபிஐஎஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம், அங்கேதான் சிஸ்டம். 32 ஜிபியில் பெரும்பங்கு மைடாக்ஸ் என்ற ஃபேட் பார்ட்டிஷனுக்குப் போய்விடும். ஒரு 2 ஜிபி ஹோமுக்கு, 768 எம்பி ஸ்வாப்புக்கு. ஆப்ட் என்ற ஃபோல்டர், அதாவது ஓ-பி-டி, ஹோமுக்குள் இருந்துகொண்டு ரூட்டில் இருப்பதுபோல் நடிக்கும். ஆப் எழுதுபவர்கள் தங்கள் பேக்கேஜை அந்த ஓபிடிக்குள் விரியும்படி கட்டவேண்டும், அதற்கு "ஆப்டிஃபை" என்றே பெயர். கட்டாமல் விட்ட நாலு பேக்கேஜைப் போட்டால் ரூட் நிறைந்துவிடும். 2010 மே மாதம் பிஆர்1.2 அப்டேட் வந்தபோது "போதிய நினைவகம் இல்லை" என்று போன் சொல்ல, மக்கள் மைடாக்ஸில் இருந்த படங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பைட் கூட அசையாது.

டியூன்2எஃப்எஸ் விஷயம்: ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தின் அந்த 5 சதவீதம் ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. பேக்கேஜை விரிக்கும் டிபிகேஜி ரூட்டாகத்தான் ஓடுகிறது, அது அதைத் தொடும். இறக்கும் வேலையை மட்டும் அண்டர்ஸ்கோர்-ஆப்ட் என்ற தனிப் பயனர் செய்வதால் அதற்கு அந்த இடம் கிடைக்காது. ஆகவே நீ ஒதுக்கீட்டைக் குறைத்தால் இறக்குவதற்கு இடம் கூடும், விரிப்பதற்குக் கூடாது. விரிக்கும்போது நிறைந்தால்தான் உண்மையான ஆபத்து. கடைசித் தலையணையை முதலிலேயே எடுத்துவிடாதே.

சுண்டல்_பொட்டலம்

நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். பூட்டுக்குச் சின்னதாக ஒரு பார்ட்டிஷன், அதில் பழைய கர்னல், புதிய கர்னல் என்று இரண்டு ஜோடி, பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மீதியெல்லாம் ஒரே ரூட். ரூட்டுக்குள்:

ஃபிளாட்பேக் 3.9 ஜிபி. ஜர்னல் லாக் 1.3 ஜிபி. யூஎஸ்ஆர் 5 ஜிபிக்குப் பக்கம். ஹோம் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், அதில் ஃபயர்ஃபாக்ஸ் கேஷ், மேப் டைல் எல்லாம் உண்டு.

ஜர்னல் ஏன் இவ்வளவு?

பழைய_மீமோ

ஜர்னல்டி (லாக் எழுதும் சர்வீஸ்) தனக்கென்று ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், மேல் வரம்பு 4 ஜிபி. சர்வருக்கு அது நியாயம், 16 ஜிபி போனுக்கு அநியாயம். ஜர்னல்டி கான்ஃபிகில் சிஸ்டம்-மேக்ஸ்-யூஸ் என்று ஒரு வரி, 50 எம்பி போடு. வெட்டுவதோடு நிறுத்தினால் மறுபடி வளரும்.

கரவெட்டி

வணக்கம். நான் என்ன சொல்லுறன் எண்டால், உள்ளுக்கையே ஏத்திற வேலை இந்தச் சின்னக் கருவியளுக்குச் சரிவராது. புது இமேஜை எழுதுங்கோ, ஹோமைத் திருப்பிக் கொப்பி பண்ணுங்கோ. அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். நாலு வருசமாச் சேர்ந்த குப்பையும் போயிடும்.

பைன்ஃபோனில ஒரு நல்ல விசயம், ஈஎம்எம்சிக்கு முன்னம் அது எஸ்டி கார்ட்டைத்தான் பார்க்கும். டிரிக்ஸி இமேஜை கார்ட்டில எழுதிப் போட்டு இயக்கிப் பாருங்கோ. கோல் எடுக்குதோ, மோடம் நித்திரையால எழும்புதோ, கமரா வேலை செய்யுதோ எண்டு எல்லாம் பார்க்கலாம். ஈஎம்எம்சியில இருக்கிறது அப்பிடியே இருக்கும். பிடிச்சால் பிறகு உள்ளுக்கு எழுதுங்கோ.

டெர்மினல்_தம்பி

கரவெட்டி அண்ணா, ஹோம் மட்டும் கொப்பி பண்ணா போதும்னு சொல்றது ஈசி. ஈடிசி கீழ இருக்கற வைஃபை பாஸ்வேர்டு, விபிஎன், மோடம் செட்டிங், நம்மளே எழுதின சிஸ்டம்டி யூனிட், உடேவ் ரூல் எல்லாம்? ரீஃப்ளாஷ் பண்ணி மூணு வாரம் கழிச்சு "அட இது வேலை செய்யலயே"ன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வரும்.

கார்டு இருக்குல்ல, அதுல இறக்கிக்கலாம். கார்டுல ஒரு ஃபோல்டர் பண்ணி ஆப்ட்டோட ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டர் மேல பைண்ட் மவுண்ட் பண்ணிடுங்க (அங்க எழுதறது கார்டுல போய் விழும்). 1.3 ஜிபி அங்க போயிரும். மிச்சம் 1.7 தான், ஜர்னலும் ஃபிளாட்பேக்கும் குறைச்சா அது வந்துரும். டெபியன் ரிலீஸ் நோட்ஸ்லயே யூஎஸ்பி டிரைவ் வச்சு இந்த வழிதான் போட்டிருக்கு.

அதோட, ஃபிளாட்பேக் ஆப்பத் தூக்கினா உள்ள இருக்கற டேட்டா போகாது, டெலீட்-டேட்டா போட்டாதான் போகும். அதனால பெரிய ஆப்பெல்லாம் தூக்கிட்டு, ஏறி முடிச்சப்புறம் திரும்ப போட்டுக்கலாம். ஹோமுக்குள்ள டாட்-வார் ஃபோல்டர்ல எல்லாம் அப்படியே காத்திருக்கும்.

பழைய_மீமோ

இது நல்ல யோசனை, ஃபிளாட்பேக் சமாச்சாரம் எனக்கே தோன்றவில்லை.

கார்டு ஃபேட்டாக இருந்தாலும் ஓடும். ஆப்ட் ஃபைல் பெயரில் கோலன் வைக்காது, சதவீதக்குறி போட்டு மாற்றி எழுதிவிடும். ஓனரை மாற்ற முடியவில்லை, அதனால் ரூட்டாகவே இறக்குகிறேன் என்று ஒரு எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். ஆனாலும் ஈஎக்ஸ்டி4 ஆக்கிவிட்டால் தலைவலி குறைவு.

விரிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் பலர் கணக்குத் தப்புகிறது. டிபிகேஜி ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்கும்போது பழைய ஃபைலை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்திலேயே வேறு பெயரில் எழுதி, எல்லாம் எழுதி முடிந்தபின் பெயர் மாற்றும். அதனால் ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு கணம் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். சின்ன பேக்கேஜ் என்றால் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட், எல்எல்விஎம் மாதிரி குண்டு பேக்கேஜ் வரும்போது தெரியும். ஆப்ட் காட்டும் "1.7 ஜிபி கூடும்" என்பது முடிவில் நிற்கும் நிகரக் கணக்கு. நடுவில் எட்டும் உச்சம் அதைவிட மேலே போகும்.

இன்னொன்று. "முதலில் புதிய பேக்கேஜ் இல்லாமல் அப்கிரேட், பிறகு ஃபுல்-அப்கிரேட்" என்ற இரண்டு படி முறை எல்லா டெபியன் தாவலுக்கும் சொல்வதுதான். டிரிக்ஸிக்கு முதல் படியில் பெரிய பலன் எதிர்பார்க்காதே. 32 பிட் கருவிகளின் நேரக் கணக்கை 2038-க்கு அப்பால் கொண்டுபோவதற்காக ஏராளமான லைப்ரரிகளுக்குப் பெயரின் கடைசியில் டி64 என்று வால் ஒட்டிவிட்டார்கள். உன் போன் 64 பிட், அதற்கு அந்தச் சிக்கலே கிடையாது, ஆனாலும் பெயர் எல்லா ஆர்கிடெக்சருக்கும் மாறிவிட்டது. பெயர் மாறினால் ஆப்ட்டுக்கு அது "புதிய பேக்கேஜ்". ஆகவே முதல் படியில் அவற்றை நம்பியிருக்கும் பெரும்பாலானவை காத்துக்கொண்டு நிற்கும், பாரம் முழுக்க இரண்டாம் படியில் விழும். துண்டு துண்டாக ஏறலாம் என்ற கனவு இந்த முறை அவ்வளவாகப் பலிக்காது.

நீராவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னிடம் ஸ்டீம் டெக் (வால்வின் கையடக்க கேம் கருவி), பழைய 64 ஜிபி ஈஎம்எம்சி மாடல். இதைப் படிக்கும்போது வால்வ்காரர்கள் ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்று புரிகிறது. ஸ்டீம்ஓஎஸ் 3-இல் ரூட் ஏ, பி என்று இரண்டு, தலா 5 ஜிபி. ஓடிக்கொண்டிருப்பது ஏ என்றால் புதியது பி-யில் எழுதப்படும், ரீபூட்டில் அங்கே தாவும். கிளம்பவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். நீங்கள் அண்டாவுக்கும் குண்டாவுக்கும் அலைகிற இரண்டு மடங்கு இடத்தை அவர்கள் பாக்டரியிலேயே கழித்து வைத்துவிட்டார்கள்.

விலை என்னவென்றால் ரூட் ரீட்-ஒன்லி. அதைத் திறந்து பேக்மேனில் (அதன் பேக்கேஜ் கருவி) ஏதாவது போட்டால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும்.

பழைய_மீமோ சொன்ன ஓபிடி தந்திரம் இங்கேயும் இருக்கிறது! வார் பார்ட்டிஷன் 256 எம்பிதான். அதனால் லாக், ஃபிளாட்பேக், பேக்மேன் கேஷ், ஓபிடி எல்லாம் ஹோமுக்குள் ஆஃப்லோடு என்ற மறைவு ஃபோல்டரில் இருந்து பைண்ட் மவுண்ட் ஆகின்றன. என்900-க்கும் டெக்குக்கும் நடுவில் 12 வருஷம், வித்தை அதே வித்தை.

பழைய_மீமோ

அதேதான். அதற்கு முன்னாடியும் உண்டு. ஷார்ப் ஜாரஸ் எஸ்எல்-5500, 2002 வாக்கில், 16 எம்பி ஃபிளாஷ். ஓபன்ஜாரஸ் போட்டவர்கள் பேக்கேஜை எஸ்டி கார்டில் விரித்து, ஐபிகேஜி-லிங்க் என்ற கருவியால் ரூட்டுக்குள் லிங்க் மட்டும் போடுவார்கள். கார்டைக் கழற்றினால் ஆப் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஓபன்பாண்டோரா இன்னும் கெட்டிக்காரத்தனம்: பிஎன்டி என்று ஒரே ஃபைல், கார்டில் போட்டால் அப்படியே மவுண்ட் ஆகி ஓடும், சிஸ்டத்துக்குள் எதுவும் விரியாது. அதனால் பாண்டோராவில் 512 எம்பி நாண்டை முழுசாக அழித்து எழுதினாலும் கேம்கள் கார்டில் பத்திரமாக இருக்கும். சிஸ்டமும் ஆப்பும் வேறு வேறு இடத்தில் குடியிருந்தால் ரீஃப்ளாஷ் என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. கரவெட்டி சொல்வது அங்கே நூற்றுக்கு நூறு சரி. மோபியனில் எல்லாம் ஒரே ரூட்டில் கலந்து கிடப்பதால்தான் இந்த விவாதமே.

மயில்மீன்

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். 2013 ஜொல்லா போனில் 16 ஜிபி, ஒரே பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். "மிச்சம் 3 ஜிபி" என்று காட்டும், ஆனால் அப்டேட் இடமில்லை என்று விழும். பிடிஆர்எஃப்எஸ் இடத்தைப் பெரிய துண்டுகளாக டேட்டாவுக்கு, மெட்டாடேட்டாவுக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடும். டேட்டா துண்டுகளுக்குள் காலி இருந்தாலும், புதிய மெட்டாடேட்டா துண்டு வெட்ட இடமில்லை என்றால் கதை முடிந்தது. துண்டுகளை மறுபடி அடுக்கும் பேலன்ஸ் ஓட்டினால்தான் சரியாகும். பின்னால் ஜொல்லாவே அப்டேட்டுக்கு முன் பேலன்ஸ் செய்யச் சொல்ல ஆரம்பித்தது.

பிறகு எக்ஸ்பீரியாவுக்கு வந்த செயில்ஃபிஷில் (ஜொல்லாவின் சிஸ்டம்) எல்விஎம் (அளவை மாற்றக்கூடிய பார்ட்டிஷன் முறை) வைத்து ரூட்டுக்கு 2.5 ஜிபி, மீதி ஹோம். உடனே பழைய பிரச்சினை திரும்பி வந்தது: ஹோமில் இடம் கொட்டிக் கிடக்கும், ரூட் மூச்சுமுட்டும். எல்விஎம் என்பதால் ரெக்கவரியில் போய் ஹோமைக் குறுக்கி ரூட்டை நீட்டலாம், அது ஒரு ஆறுதல்.

செயில்ஃபிஷ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை, பழைய பதிப்பிலிருந்து நேரே கடைசிக்குத் தாவ முடியாது. நடுவில் ஸ்டாப் ரிலீஸ் என்று சில நிறுத்தங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் இறங்கித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடம் வேண்டும்.

டெர்மினல்_தம்பி

இன்னொரு வழி. யூஎஸ்ஆர்-ஷேர் கீழ டாக், மேன், லொக்கேல் மூணும் சேர்ந்து கணிசமா இருக்கும். டிபிகேஜி கான்ஃபிக்ல பாத்-எக்ஸ்க்ளூட் போட்டு வச்சா இனிமே வர்ற பேக்கேஜ் அதெல்லாம் விரிக்கவே விரிக்காது. ஏற்கெனவே இருக்கறத கையால அழிச்சிரலாம். நோட்டோ ஃபாண்ட்டயும் தூக்குங்க, சீன ஜப்பான் ஃபாண்ட் ரொம்பப் பெரிசு.

மயில்மீன்

தம்பி, அங்கே கொஞ்சம் பார்த்து. சிஜேகே (சீன, ஜப்பான், கொரிய) பேக்கேஜைத் தூக்கலாம். அப்படியே நோட்டோ-கோரையும் சேர்த்துத் தூக்கினால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும், இந்த இழையைக் கூட அந்த போனில் படிக்க முடியாது. தூக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் லோகித் தமிழ் ஃபாண்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், சின்னது. லொக்கேலை விலக்கும்போதும் ஆங்கிலத்தோடு தமிழுக்கான டிஏ ஃபோல்டரையும் இன்க்ளூட் வரியில் சேர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும், அப்படியே ஒட்டினால் தமிழ் மெனு போய்விடும்.

டாக் ஃபோல்டரில் காப்பிரைட் ஃபைல்களை விட்டுவையுங்கள்.

பழைய_மீமோ

இதெல்லாம் சில்லறை. சில்லறை சேர்த்து 1.7 ஜிபிக்கு மேல் உச்சத்தைச் சமாளிக்கலாம், முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம் இடத்தைப் பற்றி அல்ல, ஓடிக்கொண்டிருக்கிற போனை அதன் மேலேயே உட்கார்ந்து மாற்றுவதைப் பற்றி. நடுவில் போனின் திரை முகப்பான ஃபோஷ் ரீஸ்டார்ட் ஆனால் அதற்குள் இருந்த டெர்மினலும் போகும். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து, இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தை விடாத டிமக்ஸ் போட்டு ஓட்டினால் அது தப்பும், சரி. இடம் தீர்ந்து டிபிகேஜி பாதியில் நின்றால்? சி லைப்ரரி புதுசு, சிஸ்டம்டி பழசு என்ற நிலையில் 2 ஜிபி ராம் போனில், ஆன்-ஸ்கிரீன் கீபோர்டில் மீட்பு வேலை பார்க்க வேண்டும்.

கரவெட்டி சொன்ன கார்டையும் தம்பி சொன்ன உள்ளேயே ஏறுவதையும் சேர்த்துவிடலாம் என்பது என் கட்சி. டிரிக்ஸி இமேஜைக் கார்டில் எழுதி அதிலிருந்து பூட் செய். இப்போது ஈஎம்எம்சி தூங்குகிறது, அதில் எதுவும் ஓடவில்லை. முதல் வேலை, ஈஎம்எம்சி முழுவதையும் டிடி (அப்படியே நகலெடுக்கும் கட்டளை) போட்டு ஒரு ஃபைலாகக் கார்டில் எடு. 64 ஜிபி கார்டில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. அந்த ஃபைலை லேப்டாப்புக்கும் அனுப்பிவிடு. இனி என்ன நடந்தாலும் பழைய போன் திரும்பக் கிடைக்கும்.

பிறகு ஈஎம்எம்சியின் ரூட்டை மவுண்ட் செய், அதன் பூட் பார்ட்டிஷனை அதன் இடத்தில் மவுண்ட் செய் (இதை மறந்தால் புதிய கர்னல் ரூட்டுக்குள் இருக்கும் வெறும் பூட் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும், ரீபூட்டில் பழைய கர்னல்தான் வரும்). டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட். கார்டில் ஒரு ஃபோல்டரை உள்ளே இருக்கும் ஆப்ட் ஆர்க்கைவ்ஸ் மேல் பைண்ட். இணையப் பெயர்களைத் தேட உதவும் ரிசால்வ்-கான்ஃப் உள்ளே இருக்கிறதா பார். அப்புறம் சிஹெச்ரூட், அதாவது ஈஎம்எம்சியின் சிஸ்டத்தையே ரூட்டாகக் கொண்டு அதற்குள் நுழைவது. உள்ளே போய் ஃபுல்-அப்கிரேட். இரண்டும் அதே ஏஆர்எம்64 என்பதால் எமுலேஷன் எதுவும் தேவையில்லை. சர்வீஸ்களை எழுப்பப் பார்க்கும்போது "சிஹெச்ரூட்டில் இருக்கிறேன், கண்டுகொள்ளவில்லை" என்று சிஸ்டம்சிடிஎல் சொல்லும், அது சரிதான்.

இடம் முடிந்து நின்றாலும் கவலை இல்லை. உன் கையில் முழு சிஸ்டம் ஒன்று உயிரோடு இருக்கிறது. வெளியே வந்து ஈஎம்எம்சியில் எதையாவது கார்டுக்கு நகர்த்திவிட்டு, டிபிகேஜி கான்ஃபிகர் எல்லாவற்றையும் முடி, ஆப்ட்டின் ஃபிக்ஸ்-புரோக்கன் ஓட்டு, தொடர்.

கரவெட்டி

இது நல்ல வழி, ஒத்துக்கொள்ளுறன். ஒரே ஒரு கண்ணி இருக்கு. பழைய ஈஎம்எம்சியை அப்பிடியே கார்ட்டுக்குக் குளோன் பண்ணி, அந்தக் கார்ட்டில இருந்து பூட் பண்ணிப்போட்டு இதைச் செய்யாதேங்கோ. ரெண்டிலயும் ஒரே யூயூஐடி (பார்ட்டிஷன்ர அடையாள எண்) இருக்கும், எது ரூட்டா மவுண்ட் ஆகும் எண்டு ஆருக்கும் தெரியாது. நீங்கள் ஈஎம்எம்சியை மாத்துறன் எண்டு நினைச்சுக் கார்ட்டை மாத்திக்கொண்டிருப்பியள். புதிசா இறக்கின இமேஜை எழுதினால் இந்தப் பிரச்சினை வராது, எண்டாலும் அந்த எண்ணைக் காட்டுற பிஎல்கேஐடி போட்டு ஒருக்காப் பார்த்திட்டுத் தொடங்குங்கோ.

சிம்மையும் கழட்டி வேற ஒரு போனில போட்டு வையுங்கோ. ஓடிபிக்குக் காத்துக்கொண்டு அவசரப்பட வேண்டி வராது.

நீராவி

ஒரு கேள்வி. லேப்டாப் இருக்கும்போது ஜம்ப்டிரைவ் போட்டு ஈஎம்எம்சியை யூஎஸ்பி டிஸ்க்காகத் திறந்து லேப்டாப்பிலிருந்தே சிஹெச்ரூட் செய்யலாமே?

பழைய_மீமோ

பேக்கப் எடுக்க ஜம்ப்டிரைவ் அருமை, இந்த வேலைக்கு அதுவே சுலபம் என்று கூடச் சொல்வேன். சிஹெச்ரூட்டுக்கு லேப்டாப் எக்ஸ்86, போன் ஏஆர்எம். க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டரின் யூசர் மோடு போட்டால் ஓடும். நிறைய போஸ்ட்-இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், இனிட்ராம்எஃப்எஸ் (கிளம்பும்போது கர்னலோடு முதலில் ஏறும் சிறு மூட்டை) கட்டுவது எல்லாம் எமுலேஷனில் ஓட வேண்டியிருக்கும், மெதுவாக இருக்கும், எங்காவது விநோதமாக முட்டவும் வாய்ப்புண்டு. போனிலேயே ஓட்டுவது நேர்வழி.

சுண்டல்_பொட்டலம்

முடிந்தது! மீமோ அண்ணா வழிதான். விவரம் போடுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

கார்டில் டிரிக்ஸி மோபியன் எழுதி ஒரு வாரக் கடைசி முழுக்க அதிலேயே போனை ஓட்டிப் பார்த்தேன். கால், மெசேஜ் சரி. பிறகு சிம்மை அம்மாவின் பழைய போனுக்கு மாற்றினேன். ஜம்ப்டிரைவில் லேப்டாப்புக்கு முழு இமேஜ், இசட்எஸ்டிடியில் சுருக்கியதும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சிஹெச்ரூட்டுக்கு முன் ஃபிளாட்பேக் ஆப்களை, டேட்டாவை விட்டுவிட்டு, தூக்கினேன். ரன்டைம்கள்தான் இடத்தைத் தின்றிருக்கின்றன, அதுவும் ஒரே க்னோம் ரன்டைமின் பல பதிப்புகள். ஜர்னல் வெட்டினேன். அதிலேயே 4 ஜிபிக்கு மேல் வந்தது. தம்பியின் லொக்கேல் வித்தையைத் தொடவே தேவைப்படவில்லை.

இறக்கியதெல்லாம் கார்டுக்குப் போனது. விரிக்கும்போது இன்னொரு டெர்மினலில் மிச்ச இடம் காட்டும் டிஎஃப் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா சொன்ன உச்சம் கண்ணுக்குத் தெரிந்தது: மிச்ச இடம் முடிவில் நின்றதைவிட நடுவில் சில நூறு எம்பி கீழே இறங்கிப் போய்த் திரும்ப ஏறியது.

ரூட்டில் தப்பித்தேன், பூட்டில் மாட்டினேன். புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது பூட் பார்ட்டிஷன் நிறைந்து நின்றுவிட்டது. இரண்டு பழைய கர்னலில் ஒன்றை எடுத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிகில் மாட்யூல்ஸ் வரியை மோஸ்ட் என்பதிலிருந்து டெப் என்று மாற்றி மறுபடி ஓட்டினேன், சென்றது.

பழைய_மீமோ

சபாஷ். ஆனால் அந்த டெப் வரியைத் திரும்ப மோஸ்ட் ஆக்கு, இடம் இருந்தால். டெப் என்றால் இப்போது ஓடும் கருவிக்குத் தேவையான மாட்யூல் மட்டும் சேர்க்கும். நீ கட்டியது கார்டிலிருந்து பூட் ஆன சிஹெச்ரூட்டில். அதே போன் என்பதால் இந்தமுறை ஒத்துப்போனது. ஈஎம்எம்சியில் இருந்து பூட் ஆனபின் ஒருமுறை அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிவிடு.

டிரிக்ஸி ரிலீஸ் நோட்ஸ் பூட் பார்ட்டிஷன் 768 எம்பியாவது இருக்கட்டும், 300 எம்பி காலி இருக்கட்டும் என்கிறது. அது எல்லா வகை ஃபர்ம்வேரோடும் வரும் பிசிக்கான கணக்கு, போனுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் திசை தெரிகிறது, ஒவ்வொரு பதிப்புக்கும் கர்னல் பெருத்துக்கொண்டே போகிறது.

புதிய கர்னல் நாலைந்து முறை சரியாகக் கிளம்பித் தூங்கி எழுந்தபிறகு மீதிப் பழையதையும் எடுத்துவிடலாம். அதுவரை வை.

மயில்மீன்

டிரிக்ஸியில் தற்காலிக ஃபைலுக்கான டிஎம்பி ஃபோல்டர் இனி ராமில்தான், டிஎம்பிஎஃப்எஸ். ராமில் பாதி வரை போகும், அதாவது உங்களுக்கு 1 ஜிபி. ஏதாவது ஆப் பெரிய ஃபைலை அங்கே எழுதினால் ஈஎம்எம்சியில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று வரும், இல்லையென்றால் போன் திணறும். பிடிக்கவில்லை என்றால் டிஎம்பி-மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்துவிட்டு ரீபூட் கொடுங்கள், பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும்.

சுண்டல்_பொட்டலம்

ஓ, வீடியோ இறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று அங்கேதான் எழுதுகிறது, அதை வார்-டிஎம்பிக்கு மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று மட்டும். தூக்கிய ஃபிளாட்பேக்குகளைத் திரும்பப் போட வேண்டும். ஈஎம்எம்சியில் இப்போது 3 ஜிபி மிச்சம், அதை மறுபடி நிரப்ப மனசு வரவில்லை. கார்டிலேயே போட முடியுமா?

டெர்மினல்_தம்பி

முடியும் ப்ரோ. ஈடிசி-ஃபிளாட்பேக் கீழ இன்ஸ்டலேஷன்ஸ்-டி-ன்னு ஒரு ஃபோல்டர் பண்ணி, அதுல சின்ன கான்ஃப் ஃபைல்: ஒரு பேரு, கார்டுல இருக்கற பாத், ஸ்டோரேஜ்-டைப் எஸ்டிகார்டு. அப்புறம் இன்ஸ்டால் பண்றப்ப அந்தப் பேர இன்ஸ்டலேஷன் ஆப்ஷன்ல குடுங்க. ஃபிளாட்ஹப்ப (ஃபிளாட்பேக் ஆப் கிடைக்கற இடம்) அந்த இன்ஸ்டலேஷனுக்குத் தனியா ரிமோட்டா சேர்க்கணும். கார்டு கண்டிப்பா ஈஎக்ஸ்டி4ஆ இருக்கணும், ஃபேட்ல சிம்லிங்க் கிடையாது, ஓடாது. மவுண்ட் பட்டியலான எஃப்ஸ்டேப்ல நோஃபெயில் போடுங்க, இல்லனா கார்டு இல்லாம பூட் ஆகறப்ப எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.

முன்னாடி அந்தக் கார்டுல இருக்கற டிரிக்ஸி பூட்லோடரோட சேர்த்து அழிச்சிருங்க. இல்லனா போன் ஒவ்வொரு தடவையும் கார்டுலேர்ந்தே கிளம்பும்.

கரவெட்டி

கார்ட் கொஞ்சம் நல்லதா வாங்குங்கோ, ஏ1 இல்லாட்டி ஏ2 எண்டு போட்டிருக்கிறது. மலிவுக் கார்ட்டில ஃபிளாட்பேக் ஆப் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும்.